மணமகள் அறை மட்டும் குளிரவில்லை: பைப் தப்பா, வயர் தப்பா?

மண்டபத்துக்காரன்:
எங்கள் கல்யாண மண்டபத்தில் ஆவணியில் விஆர்எஃப் ஏசி (ஒரே அவுட்டோரில் பல இன்டோர் ஓடும் வகை) போட்டோம். மொட்டை மாடியில் அவுட்டோர், கீழே 9 இன்டோர். நாலு முகூர்த்தம் தாண்டுவதற்குள் இரண்டு தொல்லை. மாலை வரவேற்பு நேரத்தில் கம்யூனிகேஷன் எரர் காட்டி நாலைந்து இன்டோர் நின்றுவிடுகிறது. மணமகள் அறையோ காலையிலும் குளிராது, மாலையிலும் குளிராது. மேக்கப் வழிகிறது என்று பெண் வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். பைப் போட்டவர் வயர்மேனைக் கை காட்டுகிறார், வயர்மேன் பைப்காரரை. யார் சொல்வது சரி?

இரண்டுகோர்:
நான் வயர்மேன்தான். இருந்தாலும் சொல்கிறேன், எரர் விஷயத்தில் எங்கள் ஆள் மீதுதான் எனக்குச் சந்தேகம். மாலையில் மட்டும் வருகிறது என்றால், மாலையில் மட்டும் எது ஓடுகிறது என்று பாருங்கள். மேடை விளக்கு, அதன் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர். அந்தக் கேபிளோடு ஏசியின் கம்யூனிகேஷன் கேபிளும் ஒரே ட்ரேயில் படுத்திருந்தால் சிக்னல் கெட்டுப்போகும். அது சில வோல்ட்டில் ஓடும் சிக்னல், பக்கத்தில் 230 வோல்ட். ஒருநாள் மேடை விளக்கை அணைத்துவிட்டு ஏசியை மட்டும் ஓட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பழைய டார்ச்:
22 வருஷமாக பைப்போடு சேர்த்துத்தான் கேபிளைக் கட்டுகிறோம். எந்த எரரும் வந்ததில்லை. இப்போது வந்தவர்கள்தான் கேபிளுக்கு உலோக உறை போட்ட ஷீல்டு, எர்த் என்று பயமுறுத்துகிறீர்கள்.

இரண்டுகோர்:
அண்ணே, பைப்போடு கட்டுவதை நான் தப்பு சொல்லவே இல்லை. பவர் கேபிளையும் அதே கட்டில் சேர்ப்பதுதான் தப்பு. 10 ஆம்பியர் லைனுக்கே 300 மி.மீ. தள்ளிப் போடு என்று மேனுவல் சொல்கிறது, டிம்மர் லைனுக்கு அதைவிட அதிகம் வேண்டும். நீங்கள் 22 வருஷமாகப் போட்டதில் பெரும்பாலும் ஸ்பிளிட் ஏசி. அதில் ஒரு இன்டோர், ஒரு அவுட்டோர், முடிந்தது. இங்கே 9 போர்டு ஒரே இரண்டு கோர் கம்பியில் பேசிக்கொள்கின்றன. நாங்கள் போடும் பிராண்டில் ஷீல்டு கேபிள்தான், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் பண்ண வேண்டும். இரண்டு முனையிலும் பண்ணினால் அதுவே தொல்லை.

நைட்ரஜன் தம்பி:
எரர் வயர்தான், ஒத்துக்கொள்கிறேன். மணமகள் அறை வேறு கதை. சார், அந்த இன்டோருக்குப் போகும் சின்னப் பைப்பைத் தொட்டுப் பாருங்கள். கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வுக்கு முன்னால் ஸ்ட்ரெய்னர் என்ற சல்லடை இருக்கும் இடத்தில் பனி பிடித்திருந்தால் அடைப்பு. பிரேசிங் (ராடு உருக்கிப் பைப் ஜாயின்ட்டை ஒட்டுவது) செய்யும்போது உள்ளே நைட்ரஜன் ஓடியதா என்று பைப்காரரிடம் கேளுங்கள்.

பழைய டார்ச்:
வந்துவிட்டார் நைட்ரஜன். தம்பி, நைட்ரஜன் விட்டுப் பிரேஸ் பண்ணினால் ஜாயின்ட்டில் ஊசித்துளை மாதிரி பின்ஹோல் விழுகிறது, நான் கண்ணால் பார்த்தது. வேலை முடிந்ததும் சிலிண்டரைத் திறந்து ஒரு ஊது ஊதினால் தூசி போய்விடும். 30 ஜாயின்ட் இருக்கும் சைட்டில் ஒவ்வொன்றுக்கும் ஹோஸ் மாற்றிக்கொண்டிருந்தால் மேஸ்திரிக்கு யார் சம்பளம் தருவது?

நைட்ரஜன் தம்பி:
பின்ஹோல் விழுந்தது நைட்ரஜனால் இல்லை அண்ணே, மறுமுனையை அடைத்துவிட்டு ஊதியதால். போக வழியில்லாத காற்று உருகிய ராடு வழியாகத்தான் வெளியே வரும். ரெகுலேட்டரில் 0.2 கிலோ பிரஷர் போதும். மறுமுனையில் புறங்கையை வைத்தால் மெல்லிசாக ஒரு காற்று படணும், அவ்வளவுதான்.

அப்புறம், நீங்கள் ஊதி அனுப்புவது தூசியை மட்டும். காற்றோடு சூடாகும் காப்பரின் உள்சுவரில் பிடிப்பது ஆக்ஸைடு, கறுப்புச் செதில். ஒட்டிக்கொண்டிருக்கும், ஊதினால் வராது. சிஸ்டம் ஓட ஆரம்பித்ததும் கேஸும் கம்ப்ரஸரின் பிஓஇ ஆயிலும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உரிக்கும். உரிந்தது நேராகப் போய் நிற்கும் இடம் ஸ்ட்ரெய்னர். நம்பாவிட்டால் நைட்ரஜன் இல்லாமல் ஒரு ஜாயின்ட் போட்டு, ஆறியதும் நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள்.

பழைய டார்ச்:
அறுத்துப் பார்க்க எனக்கு நேரமில்லை. பிரஷர் டெஸ்ட்தான் கணக்கு. நான் 40 கிலோ ஏற்றி 24 மணி நேரம் நிறுத்தாமல் எந்த சைட்டையும் விட்டதில்லை. ஒருமுறை மாலையில் 36 டிகிரியில் ஏற்றினேன், விடியற்காலை 26 டிகிரி, கேஜில் ஒரு கிலோவுக்கு மேல் இறக்கம். லீக் லீக் என்று இன்ஜினியர் குதித்தார். வெயில் ஏறட்டும் சார் என்றேன். மதியம் முள் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. இதெல்லாம் புத்தகத்தில் இருக்காது.

இரண்டுகோர்:
அண்ணே, அதுவும் மேனுவலில் இருக்கிறது :)

நைட்ரஜன் தம்பி:
அந்த டெஸ்டில் உங்களை யாரும் மிஞ்ச முடியாது, சத்தியமாக. ஆனால் அது ஜாயின்ட் ஒழுகுகிறதா என்று மட்டும்தான் சொல்லும். உள்ளே கறுப்புச் செதில் இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று சொல்லாது. ஈரத்துக்கு வேக்கம், அதாவது பம்ப் வைத்து உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுப்பது. அதையும் வாட்ச் பார்த்து அரை மணி நேரம் போட்டு முடிப்பவர்கள் இருக்கிறார்கள். வேக்கத்தை அளக்கும் மைக்ரான் கேஜ் 500-க்குக் கீழே போய், பம்ப் வால்வை மூடிய பிறகும் ஏறாமல் நிற்கணும். பிஓஇ ஆயில் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பழைய ஆர்22 கேஸ் ஏசியின் ஆயில் மாதிரி இல்லை.

மண்டபத்துக்காரன்:
நேற்று ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்தோம். இரண்டுகோர் சார் சொன்னது அப்படியே. ஷீல்டு இல்லாத சாதா இரண்டு கோர், மேடை விளக்குக் கேபிளோடு சேர்த்து 20 மீட்டருக்கு டை போட்டுக் கட்டியிருக்கிறார்கள். விளக்கை அணைத்து மூன்று மணி நேரம் ஓட்டினோம், ஒரு எரரும் இல்லை. போட்ட பத்தாவது நிமிஷம் எரர். இன்னொன்று, பைப் மீது டையை இறுக்கிய இடமெல்லாம் இன்சுலேஷன் நசுங்கி, அதன் கீழே ஜிப்சம் போர்டில் பழுப்புக் கறை.

இரண்டுகோர்:
நசுங்கிய இடத்தில் வியர்த்துச் சொட்டுகிறது. புது ஷீல்டு கேபிளைத் தனி கண்டூட் குழாயில் இழுங்கள். பழைய வயரை மெகர் (அதிக வோல்ட் கொடுத்து இன்சுலேஷனைப் பார்க்கும் கருவி) வைத்துச் சோதிக்கிறேன் என்று யாராவது வந்தால், முதலில் இரண்டு முனையையும் போர்டிலிருந்து கழற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 9 போர்டும் போய்விடும்.

மண்டபத்துக்காரன்:
சரி. கம்பெனி ஆள் கேஸை எடுத்துவிட்டு மணமகள் அறை ஸ்ட்ரெய்னரையும் கழற்றினார். உள்ளே கண்மை மாதிரி கறுப்பு. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று இருக்கிறது. எல்லாப் பைப்பையும் மாற்றணுமா? அடுத்த முகூர்த்தத்துக்கு 9 நாள்தான் இருக்கிறது.

நைட்ரஜன் தம்பி:
பைப்பை மாற்ற வேண்டாம். 9 இன்டோரின் ஸ்ட்ரெய்னரையும் பார்க்கச் சொல்லுங்கள், ஒன்றில் இருந்தால் மற்றதிலும் இருக்கும். திரும்ப வேக்கம், அப்புறம் கேஸை எடை போட்டு ஏற்றணும், கேஜைப் பார்த்து உத்தேசமாக இல்லை. ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை ஸ்ட்ரெய்னரைத் திறந்து பார்க்கணும், மிச்சம் உரிந்து வரும்.

பழைய டார்ச்:
அந்தக் கரி கம்பெனியிலிருந்தே வந்திருக்கலாம்.

நைட்ரஜன் தம்பி:
அண்ணே, கம்பெனிப் பைப் இரண்டு முனையிலும் மூடி போட்டு வருகிறது.

பழைய டார்ச்:
மூடியைக் கழற்றி நான்தானே பார்க்கிறேன், நீயா பார்க்கிறாய்? ஜாயின்ட் ஒன்றாவது ஒழுகியதா என்று அந்த மண்டபத்துக்காரரைக் கேள்.

மண்டபத்துக்காரன்:
ஒழுகவில்லை.