இருளர் மொழியை எழுதுவது எப்படி? உதவி வேண்டும்

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் தொடக்கப்பள்ளி ஆசிரியை நான். வகுப்பில் பாதிப் பேர் இருளர் பிள்ளைகள். சாப்பாட்டு நேரத்தில் தேன் எடுத்த கதையை மூச்சுவிடாமல் சொல்லும் பையன், பாடம் தொடங்கினால் வாயே திறப்பதில்லை. சரி, அவன் கதையையே தமிழ் எழுத்தில் எழுதி வாசித்தேன். வகுப்பே சிரித்தது: "அப்படி இல்ல டீச்சர்!"

அவர்கள் மொழியில் நடுநாக்கில் பிறக்கும் உயிரொலிகள் உண்டு. நம் இ, உ எதிலும் அவை அடங்கவில்லை. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யச் சொல்கிறது அரசியலமைப்பின் 350ஏ. என் கையில் ஒரு கதைப்புத்தகம்கூட இல்லை.

தமிழ் எழுத்தோடு புள்ளியோ கோடோ சேர்த்து எழுதிப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அட்டப்பாடிப் பக்கத்து இருளர் பாட்டு, விடுகதை ஒலிப்பதிவு இருந்தாலும் சொல்லுங்கள். ஊர்ப் பாட்டி ஒருவர் ஞாயிறுதோறும் கதை சொல்லச் சம்மதித்திருக்கிறார். பதிவுசெய்ய நல்ல மைக் இரவல் கிடைத்தால் பெரிய உதவி.