செட்டிநாட்டுப் பக்கம் நாலு பெண்கள், மூணு நாள்: எங்கே தங்குவது, எதில் சுற்றுவது?

தாமிரபரணிக்காரி கேட்டது:
ஜனவரி கடைசியில் நாங்கள் நாலு பெண்கள் காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி பார்க்க வருகிறோம். ஒருவருக்கு 62 வயது, முழங்கால் வலி. மூவர் மதுரையிலிருந்து பஸ்ஸில் வருகிறோம். ஒருத்தி மட்டும் சென்னையிலிருந்து தனியாகப் பல்லவன் எக்ஸ்பிரஸ் ரயிலில் வருவாள். தங்குவது கிராமத்துப் பழைய வீட்டிலா, காரைக்குடி லாட்ஜிலா? கார் எடுக்கணுமா, பஸ் போதுமா? "நல்ல ஊர்தான், பயப்படாதீங்க" என்பதைத் தாண்டி விவரமாகச் சொல்லுங்கள்.

இரண்டாங்கட்டு:
இங்கே மனிதர்களைவிட மனிதர் இல்லாததுதான் பிரச்சினை. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையலிடும் சடங்கு) என்றால்தான் வருவார்கள். மற்ற நாட்களில் தெருவுக்குத் தெரு பூட்டுதான்.

வீடுகளின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும். முகப்பு ஒரு தெருவில் இருக்கும். வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாங்கட்டு (அதற்குப் பின்னாலுள்ள பகுதி), அடுப்படி என்று நீண்டு, பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். ஆகவே கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் ஒரு தெரு முழுக்க முகப்பாகவும், அதற்கடுத்த தெரு முழுக்க வெறும் சுவரும் சின்னக் கதவுமாகவும் இருக்கும். படம் எடுக்கும் ஆசையில் அந்தப் பின்தெருவுக்குள் போனால் கூப்பிடு தூரத்தில் ஆள் இருக்காது. படிக்கட்டு, திண்ணை, மேலே சுதைப் பொம்மை தெரிகிற பக்கமாகவே நடங்கள். காலை 8 முதல் 11 வரை சரியான நேரம்.

கட்டணம் வாங்கிக் காட்டும் வீடுகளில் தயக்கமில்லாமல் நுழையலாம். வேறு வீட்டில் காவலாள் "உள்ளே வாங்க, காட்டறேன்" என்றால் எவ்வளவு என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். தனியாக இருப்பவர் முகப்போடும் வளவோடும் நிறுத்திக்கொள்வது நல்லது. மாடிக்கும் பின்கட்டுக்கும் இருவராகப் போங்கள். வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு பங்காளிக்கும் தனித்தனியாகப் பாத்தியப்பட்டவை. பூட்டிய அறையைத் திறக்கச் சொல்லி வற்புறுத்தினால் காவலாளுக்குத்தான் வம்பு. பெரியவர் யாராவது இருந்தால் "ஆச்சி, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

விலக்கு ரோடு:
பஸ் விஷயம் நான் சொல்றேன். மதுரையில மாட்டுத்தாவணியில ஏறினா மேலூர், திருப்பத்தூர் வழியா காரைக்குடி. ரெண்டு, ரெண்டேகால் மணி நேரம் ஆகும். சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனா கண்டக்டர் கொடுக்கிற மகளிர் டிக்கெட்டைக் கேட்டு வாங்கி வச்சுக்கோங்க. வெளியூர் போற பஸ்ல காசு உண்டு. ரெண்டையும் குழப்பிக்கிட்டு ஏறினா வீண் வாக்குவாதம்தான்.

திருச்சி ரோட்டுல போற வண்டி கானாடுகாத்தான் விலக்குல இறக்கிவிட்டுட்டுப் போயிடும். உள்ளே நடந்துதான் போகணும். போறது சுலபம், திரும்புறதுதான் கஷ்டம். கிராமத்துல ஸ்டாண்டு போட்டு ஆட்டோ நிக்காது, ஏன்னா திரும்பும்போது சவாரி கிடைக்காது. அதனால காரைக்குடியிலேயே ஆட்டோ பேசும்போது "போக, வர, காத்திருப்பு எல்லாம் சேர்த்து எவ்வளவு, எத்தனை மணிக்குக் கிளம்பணும்" என்று ஒரே மூச்சில் பேசிடுங்க. பாதிப் பணத்தை முன்னாடியே கொடுக்காதீங்க.

முழங்கால் வலி உள்ளவர் இருக்கறதால ஒரு நாளாவது கார் எடுங்க. 8 மணி நேரம், 80 கிலோமீட்டர்னு பேசுவாங்க; ஆத்தங்குடி, கானாடுகாத்தான், பிள்ளையார்பட்டி மூணும் அதுக்குள்ள அடங்கிடும். டிரைவர் பேட்டா தனியான்னு கேட்டுக்கோங்க. பக்கத்துல குன்றக்குடி மலைக்கோயிலுக்கும் போறதா இருந்தா, அது முழுக்கப் படி. அவங்களை அடிவாரத்துலயே உட்கார வைங்க.

கொப்புடையாள் தெரு:
கழிப்பறை பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே! பெண்கள் பயணத்தில் நாளைத் தீர்மானிப்பது அதுதான். கிராமத்துத் தெருக்களில் பொதுக் கழிப்பறையை நம்ப முடியாது. தங்குமிடத்தில் போய்விட்டுக் கிளம்புங்கள். அடுத்து பிள்ளையார்பட்டிக் கோயில் பக்கம், அல்லது மதியம் சாப்பிடும் இடம். இந்த மூன்றையும் வைத்து வழியை அமையுங்கள். தண்ணீர் குடிக்காமல் அடக்குவது வேண்டாம், அந்த வெயிலில் தலைவலியில்தான் முடியும். நாப்கின் காரைக்குடியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளையார்பட்டியைக் காலையில் முடியுங்கள். மதியம் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான். வெறுங்காலோடு கல்தளத்தில் நண்பகலில் நடக்க முடியாது. பையில் ஒரு ஜோடி கனத்த காலுறை இருக்கட்டும்.

தங்குமிடத்தில் இரண்டாங்கட்டு அவர்கள் சொல்லாததைச் சொல்கிறேன்: கிராமத்துப் பழைய வீட்டில் தங்குவது அழகுதான், ஆனால் இரவு ஏழு மணிக்குப் பிறகு மாத்திரை வாங்கக்கூடக் காரைக்குடிக்குத்தான் வரவேண்டும். முதல் இரண்டு இரவு காரைக்குடி, கடைசி இரவு கிராமம் என்று வையுங்கள். பதிவு செய்யும்போது மூன்று கேள்வி: இரவில் வீட்டில் ஆள் யார் தங்குவார்கள், அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, குளியலறை அறைக்குள்ளேயா வளவைத் தாண்டியா. பழைய கதவுகளில் வெளிப்பூட்டு பிரமாதமாக இருக்கும், உள்தாழ்ப்பாள் ஆடும். இரவுச் சாப்பாடு வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லுங்கள். தலையை எண்ணித்தான் உலை வைப்பார்கள்.

தாமிரபரணிக்காரி:
கழிப்பறைக் கணக்குக்குக் கோடி நன்றி அக்கா. பல்லவனில் வருகிறவளுக்கு?

இரண்டாங்கட்டு:
பல்லவன் காரைக்குடி வரும்போது இரவு பத்து தாண்டிவிடும். தனியாக வருவதால் பெண்கள் கோட்டாவில் இடம் காட்டுகிறதா என்று பார்த்துப் பதியச் சொல்லுங்கள். லாட்ஜிலேயே ஆட்டோ சொல்லி, வண்டி எண்ணை வாங்கி முன்கூட்டியே அவருக்கு அனுப்புங்கள். இறங்கியபின் வாசலில் நின்று பேரம் பேச வேண்டியிருக்காது. ராமேஸ்வரம் போகும் இரவு ரயில்கள் வேண்டாம், நள்ளிரவு தாண்டி, விடியுமுன் இறக்கிவிடும்.

ரயிலுக்குள் தொந்தரவு என்றால் 139. வெளியே அவசர உதவிக்கு 112, அல்லது பெண்கள் உதவி எண் 181. தமிழ்நாடு போலீஸின் 'காவல் உதவி' செயலியைக் கிளம்புமுன்பே இறக்கி, எண்ணைப் பதிந்து வைக்க வேண்டும். அவசரத்தில் ஓடிபிக்காகக் காத்திருக்க முடியாது.

விலக்கு ரோடு:
ஒண்ணு விட்டுப்போச்சு. திருமயம் கோட்டை போறதா இருந்தா காலையில போங்க. மேல பீரங்கி இருக்கிற இடம் வெறும் பாறை, நிழலே கிடையாது. தரைக்குப் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் வாங்குற ஆசை இருந்தா மாதிரிக்கு ஒண்ணு ரெண்டு மட்டும் கையில எடுங்க. சிமெண்டுக் கல், கனம் அதிகம், பஸ்ல குலுங்கினா முனை உடையும். மிச்சத்தை லாரி பார்சல்ல போடச் சொல்லிடுங்க.