எண்கள் பாதிதான் சொல்கின்றன, மீதிக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காக, இரவுப் பணியில் இருக்கும் செவிலியர்கள் ஏன் வேலையை விட நினைக்கிறார்கள் என்று பார்க்கிறேன். முதலில் 5 புள்ளி லிக்கர்ட் அளவுகோலில் (‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘சற்றும் உடன்படவில்லை’ வரை ஐந்தில் ஒன்றைத் தேர்வது) 30 கேள்விகள் போட்டு, பெயர் கேட்காமல் 120 பேரிடம் பதில் வாங்கினேன். தூக்கக் குறைவுக்கும் வேலையை விடும் எண்ணத்துக்கும் தொடர்பு தெரிகிறது. சரி, ஆனால் காரணத்தை எண்கள் சொல்லவில்லை. கடைசித் திறந்த கேள்விக்கு ஒருவர், "நான் தூங்குவதை மட்டும்தான் என் குழந்தை பார்க்கிறது" என்று எழுதியிருந்தார். படித்ததும் மனம் கனத்துவிட்டது. அந்த வரியை எந்தக் கட்டத்துக்குள் அடைப்பது?

அதனால் பண்புசார் முறையில், அதாவது எண்களுக்குப் பதில் அவர்கள் சொல்வதையே ஆராயும் விதத்தில், நேர்காணலும் எடுக்கப் போகிறேன். எண்களை வைத்துச் செய்யும் அளவுசார் ஆய்வில், எத்தனை பேரிடம் கேட்பது என்ற மாதிரியின் அளவை முன்பே கணக்கிட்டுவிடலாம். இதிலோ, புதிதாக எந்தக் கருத்தும் வராத நிலைவரை போக வேண்டும் என்கிறார்கள். அந்த நிலை வந்துவிட்டதை நீங்கள் எப்படிக் கண்டுகொண்டீர்கள்? அப்புறம், நேர்காணலுக்கு அதே 120 பேருக்குள் அழைப்பு விடலாமா, புதியவர்களைத் தேடுவதா? இப்படி இரண்டையும் சேர்த்துக் கலப்பு முறையில் செய்தவர்கள், பேட்டிகளைக் குறியீடு செய்த (பதில்களின் பகுதிகளைக் கருத்துவாரியாகப் பெயரிட்டுப் பிரித்த) விதத்தையும் கொஞ்சம் விளக்குங்கள்.