கோப்பையைத் தருவது பெரிய ட்ரேடா, பெஞ்சில் இருக்கும் ஏழாவது ஆளா?

பெஞ்ச் ஆள்:
ஒவ்வொரு பிப்ரவரியிலும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ட்ரேடு கெடு, அதாவது டீம்கள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள், நெருங்கும்போது இதே பேச்சுதான். இன்னொரு ஸ்டார் வந்தால் போதும், கோப்பை நமக்குத்தான் என்கிறார்கள். எனக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. ஃபீனிக்ஸ் சன்ஸைப் பாருங்கள். 2023 பிப்ரவரியில் கெவின் டுரான்டுக்காக மிக்கல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன் இருவரையும் அனுப்பி, கூடவே 4 முதல் சுற்று பிக்குகளையும் (புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் முதல் சுற்று வாய்ப்புகள்) கொடுத்தார்கள். அந்தக் கோடையிலேயே பிராட்லி பீலையும் வாங்கினார்கள். 2024 பிளேஆஃப் (சீசன் முடிவில் கோப்பைக்கான ஏழு ஆட்டத் தொடர்கள்) முதல் சுற்றில் மினசோட்டாவிடம் 4-0 என்று தோற்றார்கள். அடுத்த சீசனில் 36 வெற்றி, 46 தோல்வி, பிளேஆஃப் பக்கமே போகவில்லை. சம்பளமெல்லாம் மேலே இருக்கும் மூன்று பேரிடம் போய்விட்டால் எதிரணியின் முக்கியமான ஆளை யார் மறிப்பது?

நாலாம் குவார்ட்டர்:
தோற்ற டீமை மட்டும் எடுத்துக் காட்டினால் எப்படி? 2018-ல் டொரன்டோ என்ன செய்தது? ஒன்பது சீசன் அங்கேயே ஆடி, இந்த ஊரை விட்டுப் போக மாட்டேன் என்று இருந்த டெமார் டிரோசனை அனுப்பிவிட்டு, முந்தின சீசனில் காயத்தால் 9 ஆட்டம் மட்டுமே ஆடியிருந்த காவாய் லெனார்டை வாங்கியது. ஒரு வருடத்தில் போய்விடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். பிலடெல்பியாவுக்கு எதிரான 7-வது ஆட்டத்தின் கடைசி நொடியில் அவர் மூலையிலிருந்து எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை துள்ளி உள்ளே விழுந்தது. டிரோசனோடு அந்த டீம் ஃபைனல்ஸ் பக்கம் போனதே இல்லை. துணிந்து பெரிய ட்ரேடு செய்ததால்தான் 2019 கோப்பை.

பெஞ்ச் ஆள்:
காவாய் வந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே தொடரில் பிலடெல்பியாவின் ஸ்டார் எம்பீடை மறித்தது 2019 பிப்ரவரியில் வாங்கிய மார்க் கசோல். ஃபைனல்ஸ் 6-வது ஆட்டத்தில் 22 புள்ளி எடுத்த ஃப்ரெட் வான்வ்லீட்டை டிராஃப்ட்டில் ஒருவரும் எடுக்கவே இல்லை. இவர்கள் இல்லாமல் காவாய் மட்டும் என்ன செய்திருப்பார்?

டல்லாஸ் நீலம்:
இந்தப் பேச்சில் நான் வாயைத் திறக்காமல் இருக்க முடியாது. 2024 பிப்ரவரியில் எங்கள் டல்லாஸ் மாவெரிக்ஸ் பி.ஜே. வாஷிங்டன், டேனியல் காஃபர்ட் என்று இரண்டு பேரை வாங்கியது. பெரிய பரபரப்பு எதுவும் இல்லை. அந்த மே மாதம் ஓக்லஹோமாவுக்கு எதிரான 6-வது ஆட்டம், ஒரு புள்ளி பின்னே இருக்கிறோம், 2.5 நொடி பாக்கி, மூன்று புள்ளி எறியும்போது ஃபவுல் வாங்கிய வாஷிங்டன் மூன்று ஃப்ரீ த்ரோவுக்காக (மறிப்பில்லாமல் எறியும் வாய்ப்பு) கோட்டில் நிற்கிறார். முதல் இரண்டும் உள்ளே. மூன்றாவதை வேண்டுமென்றே தவற விட்டார், எதிரணி ஒழுங்காக ஒரு பந்து போடக்கூட நேரம் கிடைக்கக் கூடாது என்று. 117-116. அந்த இரண்டு சின்ன ட்ரேடுகள்தான் எங்கள் ஸ்டார் லூக்கா டான்சிச்சைச் சுற்றி ஒரு முழு டீமை உண்டாக்கி எங்களை ஃபைனல்ஸ் வரை கொண்டு போயின. எட்டே மாதம் கழித்து, 25 வயது லூக்காவை லேக்கர்ஸுக்கு அனுப்பி, 31 வயது ஆந்தனி டேவிஸை வாங்கினார்கள். மாக்ஸ் கிறிஸ்டியும் ஒரே ஒரு முதல் சுற்று பிக்கும் கூட வந்தன. அந்தச் செய்தி வந்தபோது அதை வெளியிட்ட நிருபரின் எக்ஸ் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

நாலாம் குவார்ட்டர்:
உங்கள் வருத்தம் புரிகிறது நண்பா. ஆனால் அது மோசமான ட்ரேடு, அவ்வளவுதான். அதனால் பெரிய ட்ரேடே கூடாது என்று ஆகிவிடாது. உங்களிடம் தோற்ற ஓக்லஹோமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் பால் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து அவர்கள் வாங்கியது ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டரையும் ஒரு கூடை பிக்குகளையும். அதில் ஒரு பிக் 2022-ல் ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. ஷே எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்) ஆனார், 2025 ஃபைனல்ஸ் 5-வது ஆட்டத்தில் வில்லியம்ஸ் 40 புள்ளி எடுத்தார். ஒரே ட்ரேடு, இரண்டு ஸ்டார், ஒரு கோப்பை.

பெஞ்ச் ஆள்:
ஆறு வருடம் பொறுத்த கதையைச் சொல்கிறீர்கள், அதில் ஸ்டாரைக் கொடுத்தவர்கள்தான் ஜெயித்தார்கள். வாங்கின கிளிப்பர்ஸ் ஃபைனல்ஸையே பார்க்கவில்லை. அப்புறம் அந்த 2025 கோப்பையில் என் கண்ணில் நிற்பது வேறு ஆள். டென்வருக்கு எதிரான 7-வது ஆட்டத்தில் ஆறடி ஐந்து அங்குல அலெக்ஸ் கருசோ ஏழடிக்குக் கொஞ்சமே குறைந்த டென்வர் ஸ்டார் யோகிச்சை மறித்தார். பின்னால் நின்று முட்டவில்லை. பாஸ் வரும் வழியில் முன்னால் போய் நின்றுகொண்டார், கைகளை ஓயாமல் ஆட்டினார், பந்து யோகிச்சிடம் போய்ச் சேருவதே பெரும் பாடாகிவிட்டது. 125-93. கருசோவை வாங்க ஜாஷ் கிடி ஒருவரைத்தான் கொடுத்தார்கள், ஒரு பிக்கூடச் செலவில்லை.

சம்பளக் கணக்கு:
இரண்டு பேரும் பணத்தை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2023 ஒப்பந்தத்துக்குப் பிறகு, ஒரு டீமின் மொத்தச் சம்பளத்துக்கு செகண்ட் ஏப்ரன் என்று ஒரு வரம்பு இருக்கிறது. அதைத் தாண்டின டீம் இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது, அனுப்புவதைவிட ஒரு டாலர்கூட அதிகமாக உள்ளே எடுக்க முடியாது, ஏழு வருடம் தள்ளி இருக்கும் முதல் சுற்று பிக்கும் ட்ரேடு செய்ய முடியாமல் முடங்கிவிடும். 2024-ல் கோப்பை வாங்கிய பாஸ்டன், ஒரே வருடத்தில் ஜ்ரூ ஹாலிடேயையும் போர்சிங்கிஸையும் விட வேண்டியதாயிற்று. அவர்கள் ஸ்டார் டேட்டமின் குதிகால் தசைநார் (அகில்லிஸ்) கிழிந்ததும் ஒரு காரணம், ஆனால் சம்பளச் சுமைதான் பெரிது. இப்போதெல்லாம் பெரிய ட்ரேடு செய்தால் அதைத் திருத்திக்கொள்ள வழியே இல்லாமல் போகிறது.

நாலாம் குவார்ட்டர்:
அந்த பாஸ்டன் எப்படிக் கோப்பை வாங்கியது? ரசிகர்கள் உயிராய் நினைத்த மார்கஸ் ஸ்மார்ட்டை விட்டு போர்சிங்கிஸை எடுத்தது. பயந்திருந்தால் அதுவும் இல்லை.

பெஞ்ச் ஆள்:
ஹாலிடே எப்படி வந்தார் என்பதையும் சொல்லுங்கள். மில்வாக்கி டேமியன் லில்லார்டுக்காக அவரைக் கைவிட்டதால்தானே. மில்வாக்கி இரண்டு வருடமும் முதல் சுற்றிலேயே வெளியே.

நாலாம் குவார்ட்டர்:
2024 தொடரில் மில்வாக்கியின் முக்கிய ஸ்டார் யானிஸ் காயத்தால் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2025-ல் தொடரின் நடுவே லில்லார்டுக்கு அகில்லிஸ் கிழிந்தது. அதை வைத்து ட்ரேடையே தப்பு என்று சொல்வது நியாயமா? இன்றைக்கு வந்தாலும் அந்த ட்ரேடை நான் செய்வேன்.

டல்லாஸ் நீலம்:
நானும் டொரன்டோ மாதிரி ஒரு வருடத்துக்கு ஒருவர் வருகிறார் என்றால் சரி என்றிருப்பேன். எங்களுக்கு நடந்தது தலைகீழ். 2025 ஏப்ரலில் லூக்கா டல்லாஸுக்கு எதிரணி ஆளாக வந்தார். ஆட்டத்துக்கு முன்னால் அவருடைய பழைய ஆட்டங்களைத் தொகுத்துத் திரையில் ஓட்டினார்கள், அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். பிறகு 45 புள்ளி எடுத்தார். எங்கள் டீம் தோற்றது. ஒவ்வொரு கூடைக்கும் கைதட்டினேன்.