டவுன்ஸ்ட்ரீமுக்குக் கடைமடை சரியா?

நொதிக்காரி (கோவை):

அனைவருக்கும் வணக்கம். ஓர் அவசர உதவி. எம்.டெக். உயிரித்தொழில்நுட்பம் சேரும் மாணவர்களுக்கு முதல் பருவத்துக்கு முன் இரண்டு வார இணைப்பு வகுப்பு எடுக்கிறேன். பாதிப்பேர் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்துவிட்டு வருகிறவர்கள். பள்ளிப் படிப்பு தமிழ்வழி. கிருமியைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். தொட்டிக்குள் எவ்வளவு சர்க்கரை போனது, எவ்வளவு ஆக்சிஜன் கரைந்தது என்று கணக்குப் போடச் சொன்னால் பேனாவை மூடிவிடுவார்கள். அதனால் 60 சொற்களுக்கு ஒரு தமிழ்த் தாள் தயாரிக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

சிக்கிக்கொண்டது ஒரே ஓர் இணை: அப்ஸ்ட்ரீம், டவுன்ஸ்ட்ரீம். நேர்ப்பொருள் ஆற்றோட்டத்தின் மேற்பக்கம், கீழ்ப்பக்கம். உயிரணுவை வளர்த்து, பொருளை உண்டாக்குகிற வரை முன்னது. அந்தக் குழம்பிலிருந்து பொருளை மட்டும் பிரித்துத் தூய்மையாக்குவது பின்னது. போன ஆண்டு ஒரு மாணவர் விடைத்தாளில் "ஆற்றின் கீழ்ப்பகுதியில் அமைக்கப்படும் சுத்திகரிப்பு முறை" என்று எழுதியிருந்தார். இன்சுலின் பாடத்தில்! அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

செ.மு. (மதுரை):

அம்மா, எளிது. மேல்கால், கீழ்க்கால். கால் என்றால் நீர் செல்லும் வழி. வாய்க்கால் எல்லோருக்கும் தெரியும். நேர்ப்பொருள், சுருக்கம், தூய தமிழ். தேடுவதற்கு ஒன்றுமில்லை.

ஆலைக்காரன் (ஐதராபாத்):

ஐயா, வகுப்பில் "கீழ்க்கால் செயல்முறை" என்று சொன்னால் கடைசி வரிசை குனிந்து பாதத்தைப் பார்க்கும்.

நான் தடுப்பூசி ஆலையில் வேலை செய்கிறேன். இங்கே யாரும் அப்ஸ்ட்ரீம் புராசஸிங், டவுன்ஸ்ட்ரீம் புராசஸிங் என்று முழுப்பெயர் சொல்வதில்லை, யு.எஸ்.பி., டி.எஸ்.பி., அவ்வளவுதான். நேர்காணலில் முதல் கேள்வியே "நீ யு.எஸ்.பி.யா, டி.எஸ்.பி.யா?" தமிழ்ச் சொல்லை மனப்பாடம் செய்துவிட்டு வரும் பிள்ளை அங்கே விழிக்கக் கூடாது. தமிழ் எழுத்தில் டவுன்ஸ்ட்ரீம் என்றே போடுங்கள்.

ஒரு கொசுறு. நான் வேலையில் சேர்ந்த புதிதில் அம்மா ஊரெல்லாம் "மகன் ஐதராபாத்தில் டி.எஸ்.பி.யில் இருக்கான்" என்று சொல்லிவிட்டார்கள். பொங்கலுக்குப் போனால் பெரியப்பா முறை ஒருவர் பட்டாவோடு வந்து உட்கார்ந்திருக்கிறார், நிலத்தகராறு, தம்பி ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். நான் புரதம் வடிகட்டுகிறவன் என்று புரியவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

வடலி (யாழ்ப்பாணம்):

எங்கள் பக்கம் என்சைமுக்கு நொதியம், ஈஸ்ட்டுக்கு மதுவம் என்று பள்ளியிலேயே படித்தோம். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறியபோது ஒரு மாதம் திண்டாட்டம், பிறகு சரி. தமிழ்ச் சொல் தெரிந்ததால் யாருக்கும் வேலை போகவில்லை, அண்ணா. அக்கா, ஆற்றையே விட்டுவிடுங்கள். நடப்பது என்ன? பிரித்தெடுத்தல். அப்படியே எழுதினால் என்ன குறை?

தலைஞாயிற்றான்:

ஆற்றை ஏன் விட வேண்டும்? ஆறு நம்முடையது. தலைமடை, கடைமடை. டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். தண்ணீர் எங்கே நுழைகிறதோ அது தலைமடை, எங்கே போய் முடிகிறதோ அது கடைமடை.

ஆலைக்காரன் (ஐதராபாத்):

தண்ணீர் வந்து சேராத இடம் என்றுதானே செய்தித்தாளில் கடைமடையைப் போடுகிறார்கள்? பல மருந்துகளில் செலவில் பாதிக்கு மேல் டி.எஸ்.பி.யில்தான். வேண்டிய புரதத்தை மட்டும் பிடித்து நிறுத்தும் புரதம்-ஏ பிசின் நிரப்பிய ஒரு தூணின் (காலம் என்கிற குழாயின்) விலையைக் கேட்டால் மயக்கம் வரும். அந்த வேலைக்குப் போகிற பிள்ளையைக் கடைமடை என்பீர்களா? கடைநிலை ஊழியர் மாதிரி இருக்கிறது.

செ.மு. (மதுரை):

கடை என்றால் இழிவு என்று யார் சொன்னது? கடையேழு வள்ளல்களில் பாரி இருக்கிறான். பாரி கடைநிலை ஊழியனா?

இன்னொன்றும் தோன்றுகிறது. என் மேல்காலை நானே திரும்பப் பெறுகிறேன், ஏனென்றால் இதில் ஒரு புதையல் இருக்கிறது. கடைதல் என்று ஒரு வினை உண்டு. தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுக்கிறோம். குழம்பைச் சுழற்றி, கனமானதையும் இலேசானதையும் பிரிக்கும் உங்கள் மையவிலக்கு எந்திரம் வேறு என்ன செய்கிறது? மத்துதான் அது. ஆக, கடைமடை என்பது கடைகின்ற மடை, வினைத்தொகை. மடைக்கோ சமைத்த உணவு என்றும் பொருள்; கோயிலில் மடைப்பள்ளி இருக்கிறதே. உயிரணு வளரும் உங்கள் தொட்டி, அந்த வினைக்கலன், ஒரு மடைப்பள்ளி. அப்படியானால் தலைமடை என்பது...

வடலி (யாழ்ப்பாணம்):

ஐயா, அப்படியே போனால் மடையன் என்பதும் கலைச்சொல்லாகிவிடும்.

செ.மு. (மதுரை):

ஆகட்டுமே. மடையன் சமையற்காரன், வசைச்சொல் ஆனது பிற்பாடு. தொட்டியை இயக்குபவருக்குப் பொருந்தும்.

ஆலைக்காரன் (ஐதராபாத்):

இரவுப் பணியில் இருக்கும் தம்பிகளிடம் இதை நீங்களே வந்து சொல்லுங்கள் ஐயா.

நொதிக்காரி (கோவை):

எல்லோருக்கும் நன்றி. இன்று புதன். ஆனால் தயிர்ப்பேச்சு வந்ததில் எனக்கு வேறொரு முடிச்சு அவிழ்ந்தது. இனாகுலம், அதாவது புதுக் கலத்தில் வளர்ச்சியைத் தொடங்க ஊற்றும் உயிரணுக் கலவை, என்பதற்கு "உட்புகுத்துப்பொருள்" என்று எழுதி வைத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது. அது உறைதானே! உயிரணுவைக் குளிரில் உறையவைத்த ஒரு மில்லிலிட்டர் குப்பியிலிருந்து 100 மில்லி குடுவை, அதிலிருந்து 5 லிட்டர், 50, 500, 5,000. பெரிய கலங்களுக்கு வந்தபின் அடுத்த கலத்தின் கொள்ளளவில் சுமார் 5 முதல் 10 விழுக்காடு என்று ஊற்றிக்கொண்டே போவார்கள். குறைந்தால் வளர்ச்சி தொடங்கத் தாமதம். உறைமோர் போதாத பால் மாதிரி.

செ.மு. (மதுரை):

புறநானூறு 276 பாருங்கள் அம்மா. ஆய்மகள் நகத்தால் தெறித்த சில துளி, "குடப்பால் சில்லுறை போல" என்கிறார் புலவர். ஒரு குடம் பாலுக்குச் சிறிதளவு உறை எப்படியோ, அப்படித் தனியொரு வீரன் மொத்தப் படையையும் கலங்கடிக்கிறான். இனாகுலத்துக்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் உங்கள் பாடநூலில் உண்டா?

ஆலைக்காரன் (ஐதராபாத்):

உறைக்கு என் ஓட்டு. எங்கள் வீட்டில் பிரை என்போம், போகட்டும். ஒரே பயம்: குப்பியும் உறைந்துதான் இருக்கிறது, மைனஸ் 80 பாகையிலோ திரவ நைட்ரஜனிலோ. "உறைந்த உறையை உருக்கி உறை ஊற்று" என்று செய்முறை ஆவணத்தில் எழுத நேர்ந்தால் என்னைக் கூப்பிடாதீர்கள்.

தலைஞாயிற்றான்:

பேச்சு தயிருக்குப் போய்விட்டது. என் சொல்லுக்குத் தீர்ப்பு?

கடைமடையில் இழிவு இல்லை, இழப்பு இருக்கிறது. அதை ஒப்புக்கொள்கிறேன். என் ஊர்ப்பெயரில் தலை, வாய்க்காலில் கடை. ஜூன் 12 மேட்டூர் திறந்தார்கள் என்றால் படம் போட்டுச் செய்தி வரும். எங்கள் வயலுக்கு வருவதற்குள் மதகு மதகாகக் குறைந்து, மண் குடித்தது போக மிச்சம்தான். நொதிக்காரி அம்மா, உங்கள் தொழிலில் அப்படி வழியில் போவது கிடையாதா?

நொதிக்காரி (கோவை):

இருக்கிறது! அதுதான் அந்தப் பாடமே. ஒற்றைக்கிளை எதிர்ப்புரதம் (மோனோகுளோனல் ஆன்டிபாடி) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் செல்லை நீக்கி வடிகட்டல், அடுத்து புரதம்-ஏ தூண், பிறகு அமிலம் சேர்த்து வைரஸைச் செயலிழக்கச் செய்தல், அயனிப் பரிமாற்றத் தூண், வைரஸ் வடிகட்டல், கடைசியாகச் செறிவூட்டல். ஒவ்வொரு படியிலும் 90 விழுக்காடு மீண்டாலே கெட்டிக்காரத்தனம். ஐந்து படிக்கே 0.9ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.59. தொட்டியில் 100 கிராம் விளைந்தால் கையில் 59. "மேடம், ஒவ்வொன்றிலும் 90 வந்ததே" என்று ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள்.

நேற்று மாலை சோதித்துப் பார்த்தேன். கரும்பலகையில் ஒரு வாய்க்கால் வரைந்தேன், ஐந்து மதகு, ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு பங்கு கசிவு. மன்னார்குடிப் பையன் ஒருவன் நான் முடிப்பதற்குள் 59 என்று சொல்லிவிட்டான். பொள்ளாச்சிப் பெண்ணோ "மடைன்னா என்ன மேடம்?" என்று கேட்டாள். அவள் வீட்டில் தென்னைக்குச் சொட்டுநீர்.

வடலி (யாழ்ப்பாணம்):

நான் சொல்ல நினைத்ததும் அதுதான். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறே இல்லை, அக்கா; எங்களுக்குக் கிணறு. பிரித்தெடுப்பு என்றால் எல்லோருக்கும் புரியும்.

செ.மு. (மதுரை):

புரிவது மட்டும் போதாது, சொல் வேர் பிடிக்க வேண்டும். பிரித்தெடுப்பு என்று பொதுவாக வைத்தால் ஆய்வகத்தில் வடிதாள் மடிப்பதும் அதுதான், ஆலையில் நடப்பதும் அதுதான். வேறுபாடு எங்கே?

ஆலைக்காரன் (ஐதராபாத்):

வேறுபாடு சம்பளத்தில் தெரியும் ஐயா. நான் பிரித்தெடுப்புக்கு, பக்கத்தில் டி.எஸ்.பி. என்று போடுவதாக இருந்தால்.

நொதிக்காரி (கோவை):

அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். அனுப்பியது இது: அப்ஸ்ட்ரீம் - வளர்ப்பு நிலை, யு.எஸ்.பி.; டவுன்ஸ்ட்ரீம் - பிரித்தெடுப்பு நிலை, டி.எஸ்.பி. இனாகுலம் - உறை. எனக்கும் முழு நிறைவில்லை, ஐயா. வாய்க்கால் படத்தைப் பின்னட்டையில் போட்டிருக்கிறேன், சொல் இல்லாமல்.

தலைஞாயிற்றான்:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். படம் மட்டும் வந்ததாம், தண்ணீர் வரவில்லையாம். பழகியதுதான்.

செ.மு. (மதுரை):

என் மறுப்பும். கடைதல் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.