மூன்று ஆண்டுகள் மட்கு இட்டும் மண்ணில் கரிமம் ஏறவில்லையே, ஏன்?

தாம்பரம் வாசகர் (கேள்வி)

வணக்கம். தாம்பரத்தில் வசிக்கிறேன். மதுராந்தகம் அருகே எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் செம்மண் நிலம் உள்ளது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன் மட்கு இடுகிறேன். அதோடு, எங்கள் தெருவில் பெருக்கிக் குவிக்கும் வேப்பஞ்சருகையும் புங்கஞ்சருகையும், கொளுத்துவதற்கு முன்பே கேட்டு வாங்கி, மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். ஆயினும் மண் பரிசோதனையில் அங்ககக் கரிமம் (மட்கிய உயிர்ப்பொருளிலிருந்து வரும் கரிமம்) 0.38 சதவீதத்திலிருந்து 0.41 சதவீதத்துக்கு மட்டுமே வந்துள்ளது. ஒவ்வொரு பருவத்திலும் ரோட்டவேட்டர் (டிராக்டரில் பூட்டி மண்ணைப் பொடியாக்கும் சுழல் கலப்பை) வைத்து இருமுறை உழுகிறோம். இட்ட கரிமம் எங்கே போகிறது என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

செங்காட்டு உழவர்

ஐயா, முதலில் எடையைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண் மட்டுமே ஏறத்தாழ 850 டன் இருக்கும். ஆகவே, 0.1 சதவீதம் உயர்வதற்கே 850 கிலோ கரிமம் நிலைத்துத் தங்கியாக வேண்டும். ஈரமும் மண்ணும் கலந்த 2 டன் மட்கில் கரிமம் சில நூறு கிலோதான் இருக்கும். அதிலும் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் உண்டு, கரியமில வாயுவாக வெளிவிட்டுவிடும். நம் பகுதியின் வெப்பத்தில் இது குளிர்நாடுகளைவிட வேகமாக நடக்கிறது. உங்கள் உழைப்பு வீண் போகவில்லை என்பதை உறுதியாகச் சொல்வேன்.

தங்கும் கரிமம் இரண்டு வழிகளில் தங்குகிறது. நுண்ணுயிர்கள் உண்டு மடிந்த எச்சம் களித்துகள்களோடும் செம்மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடுகளோடும் இறுகப் பற்றிக்கொள்வது ஒன்று. சிறு மண்கட்டிகளுக்குள் அடைபட்டு, நுண்ணுயிர்களுக்கு எட்டாமல் போவது மற்றொன்று. ரோட்டவேட்டர் ஓடும்போது அந்தக் கட்டிகள் பொடியாகி, உள்ளே காப்பாக இருந்தது காற்றுக்கும் நுண்ணுயிருக்கும் திறந்துவிடப்படுகிறது. அத்தனை முறை உழுவதை முதலில் குறையுங்கள்.

அடுத்தது வேர். மேலிருந்து போடும் சருகைவிட, மண்ணுக்குள்ளேயே வளர்ந்து மடியும் வேரிலிருந்துதான் கரிமம் அதிக விகிதத்தில் தங்குகிறது. உயிருள்ள வேர் கசியும் சர்க்கரையும் இதில் சேரும். ஆகையால் நிலத்தை வெறுமையாகக் கிடக்க விடாதீர்கள். ஆடி மழையில் தக்கைப்பூண்டோ சணப்போ போன்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து, பூக்கும் தறுவாயில், அதாவது ஏறத்தாழ 45 நாளில், மடக்கி உழுதுவிடலாம். அதிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்), உங்கள் காய்ந்த சருகு மட்குவதற்கும் கைகொடுக்கும். தழைச்சத்து போதாத இடத்தில் சருகின் கரிமம் நுண்ணுயிர்களின் உடலாக மாறாமல் காற்றோடு போவதே அதிகம்.

மண் ஆய்வு மாணவி

மேலே சொன்னதோடு ஒரு திருத்தம் சேர்க்க விரும்புகிறேன். உழவைக் குறைத்தால் மேல்மண்ணில் கரிமம் கூடுவது உண்மை. ஆனால் பல நிலங்களில் அது ஆழத்திலிருந்த பங்கு மேலே இடம் மாறியதாகவே இருக்கிறது. எனவே 15 செ.மீ. வரை மட்டும் எடுக்காமல், 15 முதல் 30 செ.மீ. வரையும் தனி மாதிரி எடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் எடுங்கள். 0.03 என்ற வேறுபாடு மாதிரி எடுத்த இடம் மாறினாலே வரக்கூடியது.

காலத்தையும் பொறுமையாகப் பாருங்கள். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஒரு பார்லி வயலின் பகுதிக்கு 1852 முதல் 1871 வரை மட்டுமே தொழு உரம் இட்டு நிறுத்தினார்கள். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே, எதுவுமே இடாத பகுதியைவிடக் கரிமம் கூடுதலாக இருந்தது. நம் கோயம்புத்தூரிலும் 1909 முதல் நிரந்தர உரச் சோதனை வயல் நடந்து வருகிறது.

ஏரிக்கரை

நெல் வைக்கிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. நீர் தேங்கிய வயலில் காற்று புகாததால் மட்குதல் மந்தமாகி, கரிமம் சேர்வதற்கு வாய்ப்புண்டு. ஆனால் பச்சை வைக்கோலை அப்படியே சேற்றில் அமிழ்த்தினால் மீத்தேன் பெருகும். மட்கச் செய்து இடுங்கள், அல்லது மேட்டுப் பயிருக்கு, மண்ணை மூடிக் காக்கும் மூடாக்காகப் பரப்புங்கள்.

தாம்பரம் வாசகர்

அனைவருக்கும் மிக்க நன்றி. நெல் வைப்பதில்லை, மணிலாவும் (நிலக்கடலை) காய்கறியும்தான். வரும் ஆடியில் பாதி நிலத்தில் மட்டும் தக்கைப்பூண்டு விதைத்து, அந்தப் பாதியில் ரோட்டவேட்டரை நிறுத்திவைக்கிறேன். மற்றப் பாதியைப் பழையபடியே விட்டு, இரண்டிலும் 30 செ.மீ. வரை மாதிரி எடுத்து இங்கே பதிவிடுகிறேன். தக்கைப்பூண்டை ரோட்டவேட்டர் இல்லாமல் மடக்குவதற்கு மாட்டு ஏரே போதுமா, அல்லது வெட்டி அப்படியே மூடாக்காகக் கிடத்திவிடலாமா?

செங்காட்டு உழவர்

வெட்டிக் கிடத்திவிடுங்கள், ஐயா. வேர் உள்ளேயே இருக்கட்டும்.