பொழுதுபடும் நேரத்து எச்.டி.ஆர் படங்களுக்கு வெளிச்ச அளவை எப்படித் தெரிவுசெய்வது?

பாலைமரம், கிளிநொச்சி:
இரணைமடுக் குளக்கட்டில் நின்று பொழுதுபடும் வேளையில் கைத்தொலைபேசியால் படமெடுக்கும்போது, வானத்துக்கு ஏற்ப அளவை வைத்தால் கரையோர மரங்களும் தோணிகளும் இருளில் மறைகின்றன. மரங்களுக்கு ஏற்ப வைத்தால் முகில்கள் முழுவதும் வெளிறிவிடுகின்றன. என் தொலைபேசியில், அளவுகளை நாமே மாற்றக்கூடிய புரோ மோட் இருக்கிறது. எச்.டி.ஆர் முறையில், அதாவது மூன்று படங்களை வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்து ஒன்றாக இணைப்பதாயின், ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறனை மாற்றுவதா, ஒளி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் ஷட்டர் வேகத்தை மாற்றுவதா, படங்களுக்கிடையே எவ்வளவு வித்தியாசம் விடுவது என்பதை அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.

ஒட்டுசுட்டான்காரர்:
ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றுங்கள், தம்பி. பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் வில்லையின் துவாரம் மாறாதது. ஐஎஸ்ஓவை உயர்த்துவதால் சென்சருக்கு வரும் ஒளி கூடுவதில்லை, பதிவானதே பெருக்கப்படுகிறது, அத்துடன் வெளிச்சமான பகுதிகளும் விரைவில் வெளிறிவிடும். ஆகையால் ஐஎஸ்ஓவைத் தொலைபேசி தரும் மிகக் குறைந்த அளவில், 50 இலோ 100 இலோ, நிறுத்திவிடுங்கள்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது மிகக் கருமையான படத்தைத்தான். சூரியனைச் சூழ்ந்த முகில்களின் மடிப்புகள் தெரியும் வரை ஷட்டரை வேகப்படுத்துங்கள். சூரிய வட்டம் வெளிறினால் பரவாயில்லை. அந்த அளவு 1/1000 செக்கன் என்றால், அடுத்தவை 1/250, 1/60 ஆகும். ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு ஸ்டொப், அதாவது நான்கு மடங்கு ஒளி. மரங்களின் அடிப்பகுதி அப்போதும் தெளியாவிட்டால் 1/15 இல் நான்காவதையும் எடுக்கலாம். அதற்கு முக்காலி கட்டாயம். ஃபோகஸையும் வெண்சமநிலையையும் (நிறங்களின் சமன்) பூட்டாமல் விட்டால் படத்துக்குப் படம் கூர்மையும் நிறமும் மாறும், இணைக்கும்போது அது பெரிய தொல்லை.

முல்லைக்கரை:
அண்ணை சொல்வது காற்றில்லாத மாலைக்குச் சரி. சோளகம் வீசும் மாதங்களில் இலையும் அலையும் ஓயாமல் அசைவதால், இணைத்த படத்தில் கிளைகள் இரட்டிப்பாகத் தெரியும். அப்படியான நாளில் வானத்துக்கு அளவெடுத்த ஒரேயொரு ரோ கோப்பை (சென்சர் பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் கோப்பு) எடுத்து, பிறகு நிழல்களை உயர்த்துவதையே நான் விரும்புவேன். நிழலில் மணல்மணலாகப் புள்ளிகள் தோன்றுவது அதன் குறை.

அதைத் தவிர்க்கும் வழியைக் கூகுள் 2016 இல் வெளியிட்ட எச்.டி.ஆர் பிளஸ் ஆய்வுக்கட்டுரையில் காணலாம். வெவ்வேறு வெளிச்சங்களுக்குப் பதிலாக, ஒரே அளவில் குறைவாக ஒளிபெற்ற பல படங்களைத் தொடர்ந்து எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறார்கள். ஒன்பது படங்களைச் சராசரியாக்கினால் இரைச்சல், அதாவது அந்தப் புள்ளிகள், ஏறத்தாழ மூன்றிலொன்றாகும். இன்றைய தொலைபேசிகள் பலவற்றின் தானியங்கி முறையும் இவ்வாறு பல படங்களை இணைப்பதால், புரோ மோடை விட்டுவிட்டு, முகில்களைத் தொட்டு வெளிச்சச் சறுக்கியைச் சற்றே கீழிறக்கி எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான மாலைகளுக்கு அது போதும்.

ஒட்டுசுட்டான்காரர்:
காற்றைப் பற்றிய கருத்தை ஏற்கிறேன். ஆனால் காற்றடிக்கும் நாளிலும் மூன்று படங்களை எடுத்து வைப்பதில் நட்டமில்லை: தண்ணீர், தோணி, இலை ஆகியவற்றை ஒரே படத்திலிருந்து எடுத்துக்கொண்டு, வானத்தை மட்டும் கருமையான படத்திலிருந்து சேர்க்கலாம். இணைத்தபின் மரங்களை மத்தியான வெயிலில் நிற்பவைபோல வெளுப்பாக்க வேண்டாம், தம்பி. அந்த நேரத்தில் அவை வானத்தைவிட இருண்டவைதான். பட்டையின் வரிகள் தெரியுமளவுக்கு உயர்த்தினால் போதும்.